சளி எடுக்க வயிற்றில் வைக்கும் கரன்ட் மெஷின் மக்கர் பண்ணினால்

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கை கால் வராமல் இருப்பவரை இருமவைக்க, வயிற்றில் பேட் ஒட்டி வைக்கும் மெஷினைப் பற்றியது இது. டாக்டரும் பிசியோவும் பார்த்து, பேட் எங்கே ஒட்டணும், எவ்வளவு வைக்கணும் என்று சொல்லிக் கொடுத்து, வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்குத்தான் இந்தக் குறிப்புகள். ஆன்லைனில் வாங்கி நாமே ஆரம்பிக்கலாமா என்பவர்கள் முதலில் ஜிப்மரிலோ, கிட்டே இருக்கும் மருத்துவக் கல்லூரியிலோ காட்டிவிட்டு வாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர், கர்ப்பிணி, வலிப்பு கட்டுக்குள் வராதவர், வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர் யாருக்கும் இதை வீட்டில் தொடக்கூடாது. தண்டுவடத்துக்கு மருந்து செலுத்தும் பம்ப் உடம்புக்குள் பொருத்தியிருந்தால், பொருத்திய டாக்டரைக் கேட்காமல் கூடாது.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே வீடு வீடாகப் போகிற பிசியோ நான். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள், ஈ.சி.ஆர். சாலையில் பைக்கோடு விழுந்தவர்கள், கிணற்றில் தலைகுப்புறக் குதித்தவர்கள். போனில் வரும் புகார்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அதனால் புகார் வாரியாகவே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மெஷின் மூச்சை உள்ளே இழுக்காது. இழுப்பது உதரவிதானம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசை. அதற்கான நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் மட்டத்திலிருந்து வருவதால், பலருக்கு அது தப்பியிருக்கும். போய்விட்டது வயிற்றுத் தசை. அதாவது வெளியே தள்ளும் பலம், இருமல். மெஷின் அதைத்தான் ஈடுகட்டுகிறது.

தலை இடிக்கிறது, முகம் சிவக்கிறது, நெற்றி வியர்க்கிறது

வேறு எதற்காக இங்கே வந்திருந்தாலும் இதை முதலில் படித்துவிடுங்கள். மெஷின் ஓடும்போதோ, நிறுத்திய கொஞ்ச நேரத்திலோ "தலை வெடிக்கிற மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னால், கூடவே முகத்திலும் கழுத்திலும் வியர்வை, மூக்கடைப்பு, மயிர்க்கூச்சு இருந்தால், அது சாதாரணத் தலைவலி இல்லை. பிரஷர் தாறுமாறாக ஏறுகிறது. டாக்டர்கள் இதை அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பார்கள். நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு வரும். கழுத்தில் அடிபட்ட எல்லோரும் இதில் அடக்கம். அப்படியே விட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை கொண்டுபோய்விடும்.

மெஷினை ஆஃப் பண்ணிப் பேடை எடுங்கள். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். முடிந்தால் காலைத் தொங்க விடுங்கள். தலைவலி என்றதும் படுக்க வைப்பதுதான் நம் வீட்டு வழக்கம். இங்கே அது நேர் எதிரான வேலை, பிரஷர் இன்னும் ஏறும்.

அடுத்து, இறுக்கிப் பிடித்திருக்கும் எல்லாவற்றையும் தளர்த்துங்கள்: வயிற்று பெல்ட், லுங்கி முடிச்சு, யூரின் பேக் ஸ்ட்ராப், ஷூ. பிறகு யூரின் டியூபைப் பாருங்கள். மடங்கியிருக்கிறதா, தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, பேக் நிரம்பியிருக்கிறதா? காரணம் அங்கேதான் இருக்கும், பெரும்பாலும். டியூப் அடைத்திருந்து உங்களுக்கு மாற்றத் தெரியும் என்றால் மாற்றுங்கள். தெரியாது என்றால் நேரம் கடத்தாமல் கிளம்புங்கள். டியூப் சரியாக இருந்தால் மலம் கட்டியிருக்கலாம். அதைக் கையால் எடுப்பது, மரத்துப்போகும் ஜெல் போட்டு, பழகியவர் செய்யும் வேலை. இல்லாவிட்டால் அதுவே பிரஷரை இன்னும் ஏற்றிவிடும். கடைசியாகத் தோல்: படுக்கைப்புண், கால்நகம் சதையில் குத்தியிருப்பது, விரிப்பில் கிடக்கும் ஒரு பேனா மூடி.

இதற்கிடையே இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பாருங்கள். காரணம் கிடைக்கவில்லை, அல்லது எடுத்த பிறகும் இறங்கவில்லை என்றால் 108.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கழுத்தில் அடிபட்டவரின் வழக்கமான மேல் பிரஷரே 90, 100 தான் இருக்கும். வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை கூடினாலே ஆபத்து. கேஷுவாலிட்டியில் 135 என்று பார்த்துவிட்டு "பிரஷர் நார்மல்தானே" என்று உட்கார வைத்துவிட வாய்ப்பு நிறைய. அதனால் அவருடைய வழக்கமான பிரஷரை ஒரு அட்டையில் எழுதி, அடிபட்ட மட்டத்தையும் டிஸ்ரிஃப்ளெக்சியா என்ற பெயரையும் சேர்த்து, வீல்சேர் பையிலேயே வைத்திருங்கள்.

ஒருமுறை இப்படி வந்துவிட்டால், டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை மெஷின் கிடையாது. வயிற்றில் கரன்ட் கொடுப்பதே சிலருக்கு இதைத் தூண்டிவிடும். அப்போது அளவைக் குறைத்து, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

லைட் எரிகிறது, வயிறு அசையவில்லை

அதிகம் வரும் போன் இதுதான். "சார், மிஷின் ஓடுது, நம்பர் ஏறுது, வயிறு கல்லு மாதிரி கிடக்கு." மெஷின் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டுத்தான் பேசுவார்கள். நான் போய்ப் பார்த்தால் மெஷினில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள்.

பேட்டரி. 9 வோல்ட் பேட்டரி போடும் மெஷினில், சார்ஜ் இறங்கினாலும் லைட் எரியும், ஸ்கிரீன் வரும். தசையை இழுக்கும் பலம் மட்டும் இருக்காது. பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவு பேட்டரி சீக்கிரம் சாகும். அல்கலைன் என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜ் பண்ணும் மெஷினாக இருந்தால் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் பேடை மாட்ட வேண்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது உடம்பில் வைப்பதே கூடாது.

மோடு. டென்ஸ், ஈ.எம்.எஸ். இரண்டும் ஒன்றாக உள்ள மெஷின்கள் நிறைய வருகின்றன. டென்ஸ் என்பது வலிக்கு, ஈ.எம்.எஸ். என்பது தசையை இழுக்க. டென்ஸில் துடிப்பு குறுகலாக இருக்கும்; தோல் குறுகுறுக்கும், தசை இழுக்காது. வீட்டில் யாரோ முட்டி வலிக்கு வைத்துப் பார்த்திருப்பார்கள், பட்டன் அங்கேயே நின்றிருக்கும். இருமலுக்கு வைக்கும்போது வழக்கமாக 30 முதல் 50 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 200 முதல் 400 மைக்ரோ செகண்ட் என்ற மாதிரி இருக்கும். உங்கள் பிசியோ எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டு இல்லையா, இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

பேட். ஜெல் பேட் சுமார் 20, 30 தடவைக்கு மேல் வராது. நம்ம கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு முன்பே கொழகொழத்துவிடும். விரலை வைத்தால் ஒட்ட வேண்டும். காய்ந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். வியர்வையில் ஊறியிருந்தால் ஃபேன் காற்றில் அரைமணி நேரம் திறந்து வையுங்கள். இரண்டுக்கும் சரியாகவில்லை என்றால் புதுசுதான். வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் ஷீட்டில் ஒட்டி, ஜிப் கவரில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் உழைக்கும். ஃப்ரீசரில் வேண்டாம்.

தோல். தேங்காய் எண்ணெய், பவுடர், விபூதி, மூட்டுவலித் தைலம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் மெஷின் "ரிப்பேர்" ஆகும் வீடுகள் எனக்குத் தெரியும். சோப்பு போட்டுத் துடைத்து, நன்றாக ஈரம் ஒற்றி எடுங்கள். ரோமம் அதிகமிருந்தால் கத்தரியால் வெட்டுங்கள். பிளேடு போட்டு வழித்தால் வரும் கீறலில் கரன்ட் குவியும்.

ஒயர். உடைவது நடுவில் இல்லை, பின் மாட்டும் கழுத்தில். இரண்டு ஒயர் இருக்கிறதல்லவா, இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறு ஒயரோடு சேர்ந்து இடம் மாறினால் ஒயர்தான். ஒயர் மாறியும் கோளாறு அதே சேனலில், அதாவது மெஷினில் ஒயர் மாட்டும் அதே துளையில் நின்றால் மெஷின். டி.வி. மெக்கானிக்கிடம் கொடுத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லலாம், அதில் தப்பில்லை. ஆனால் அவர் கையால் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். உணர்ச்சி இல்லாத தோலில் போகிற கரன்ட் இது, சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

இத்தனையும் சரி, இன்னும் அசையவில்லை என்றால், அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கி, பேட் இரண்டையும் உங்கள் முன்கையில் ஒட்டி மெதுவாக ஏற்றுங்கள். உங்களுக்கு இதய நோயோ கர்ப்பமோ இருந்தால் வேறு யாராவது. இரண்டு பேடும் ஒரே கையில்தான்; கைக்கு ஒன்றாக வைத்தால் கரன்ட் நெஞ்சு வழியாகப் போகும். உங்கள் விரல் மடங்குகிறதா?

மடங்கவில்லை: மெஷின் கோளாறு. வாங்கிய இடத்துக்கு அனுப்புங்கள், திறந்து பார்க்க வேண்டாம்.

மடங்குகிறது: மெஷின் நன்றாக இருக்கிறது, கேள்வி உடம்பில் இருக்கிறது. தொப்பை போட்டிருந்தால் தசைக்குப் போய்ச் சேர இன்னும் அதிகக் கரன்ட் வேண்டும். பிசியோ ஏற்றிப் பார்க்கட்டும். அடிபட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தால் தண்டுவட அதிர்ச்சி, அதாவது அடிபட்ட புதிதில் தண்டுவடம் செயலற்றுக் கிடக்கும் நிலை, தணியக் காத்திருக்க வேண்டியிருக்கும். மூன்றாவது காரணம்தான் சொல்லக் கஷ்டமானது. வயிற்றுத் தசைக்கு வரும் நரம்பே அடிபட்டிருந்தால், அதாவது முதுகின் கீழ்ப்பாதியிலும் அடி இருந்தால், அல்லது வந்தது போலியோ, கில்லன் பாரே (ஜி.பி.எஸ்.) போன்ற நரம்பு நோயாக இருந்தால், இந்த மெஷினுக்குத் தசை பதில் சொல்லாது. எவ்வளவு ஏற்றினாலும் தோல்தான் புண்ணாகும். நரம்பு டெஸ்ட் எடுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது அது. புது மெஷின் வாங்கச் சொல்கிற கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது

பேட் இடம் மாறியிருக்கும். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் ஒன்று, விலாவின் கீழ்முனைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பக்கவாட்டில் ஒன்று என்று பிசியோ ஒட்டியதைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். இடம் சரியாக இருந்தும் ஒரு பக்கம் தூங்கினால், மேலே சொன்ன ஒயர் மாற்றும் சோதனை. வயிற்றில் உணவுக் குழாயோ, தொப்புளுக்குக் கீழே சிறுநீர்க் குழாயோ இருந்தால் அதை விட்டு விலகித்தான் பேட். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும், கவலை வேண்டாம்.

வயிறு நன்றாக இழுக்கிறது, சளி மட்டும் வரவில்லை

இங்கேதான் வீட்டுக்காரர்கள் நம்பரை ஏற்றுவார்கள். 40 வைத்திருந்ததை 60 ஆக்குவார்கள், அப்புறம் 80. நம்பரில் பதில் இல்லை. இருமல் என்பது உள்ளே போன காற்று, தொண்டை மூடுவது, வயிறு தள்ளுவது என்று மூன்றும் சேர்ந்து வருவது. மெஷின் கொடுப்பது மூன்றாவதை மட்டும்.

நேரம் சரியாக இருக்கிறதா? கைப் பட்டன் உள்ள மெஷினில், அவர் மூச்சை முழுக்க இழுத்து, தொண்டையை மூடி, இருமத் தொடங்கும் அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். அரைநொடி பிந்தினாலும் காற்று வீணாய்ப் போய்விடும். "ம்ம்" என்று தலையசைக்கச் சொல்லிவிட்டு அழுத்துங்கள். உங்கள் எண்ணிக்கைக்கு அவர் மூச்சு விட வேண்டியதில்லை, அவர் மூச்சுக்கு உங்கள் விரல் வர வேண்டும். பட்டன் இல்லாமல் தானாக ஓடும் மெஷினில் ராம்ப் என்று ஒரு செட்டிங் இருக்கும், கரன்ட் எவ்வளவு மெதுவாக ஏறுகிறது என்பது. இதை இரண்டு மூன்று நொடி வைத்திருந்தால், தசை முழுதாக இழுக்கும்போது இருமல் முடிந்து போயிருக்கும். தசையைப் பழக்குவதற்கு அது சரி, இருமலுக்கு ராம்ப் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இருமலுக்குத் தனி புரோகிராம் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பலர் தருவதில்லை என்பதைச் சக பிசியோக்கள் மன்னிக்கட்டும்.

உள்ளே காற்று போதுமா? பாதி மூச்சில் எவ்வளவு தள்ளினாலும் சளி நகராது. அவரால் ஆழமாக இழுக்க முடியவில்லை என்றால் ஆம்பு பேகால் (கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை) இரண்டு மூன்று மூச்சை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்து, பிறகு இருமவைப்பது உண்டு. பிசியோவிடம் நேரில் கற்றுக்கொண்ட பிறகுதான். இதைக் கற்றுக்கொண்ட வீடுகளில் மெஷினின் நம்பரைக் குறைத்துவிட்டே சளி எடுத்துவிடுகிறார்கள்.

சளி கெட்டியா? தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்குச் சளி பசை மாதிரி ஒட்டும். யூரின் பேக் நிரம்பும் என்று பயந்து குடிக்காமல் இருப்பவர்களே அதிகம். டாக்டர் சொன்ன அளவுக்குத் தண்ணீர், நெபுலைசர், அப்புறம் பக்கம் திருப்பிப் படுக்கவைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, அதன் பின் மெஷின்.

கையைச் சேர்த்தீர்களா? மெஷின் வந்ததும் கையால் தள்ளும் இருமலை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சிலருக்குப் போதும். விலா எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, பட்டன் அழுத்தும் அதே கணத்தில் உள்நோக்கி மேலே தள்ளுவது. சாப்பிட்ட உடனே செய்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். சாப்பாட்டுக்கும் இதற்கும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடுங்கள்.

தொண்டையில் டிராக்கியாஸ்டமி குழாய் இருந்தால் தொண்டையை மூடி இரும முடியாது. சளி குழாய்க்கு வரும், சளியை உறிஞ்சும் சக்ஷன் மெஷின் தயாராகப் பக்கத்தில் இருக்கட்டும். குழாய் வாய்க்கு வந்த சளியை எடுக்காமல் அடுத்த மூச்சை இழுத்தால் அது திரும்ப உள்ளேதான் போகும்.

இருமல் பலம் கூடுகிறதா என்று தெரிய, ஆஸ்துமாக்காரர்களுக்கு மருந்துக்கடையில் விற்கும் பீக் ஃப்ளோ மீட்டரே போதும். அதில் ஊதச் சொல்லாமல் இருமச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இருந்தால், சாதாரணச் சளி பிடித்தாலே சிக்கலாகக்கூடியவர் என்று எடுத்துக்கொள்வார்கள். 160க்குக் கீழே என்றால் அந்த இருமல் சளியைத் தள்ளவே தள்ளாது. மெஷினோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை எடுத்து நோட்டில் எழுதுங்கள். மெஷினோடும் 160ஐத் தாண்டவில்லை என்றால் இருமல் உதவி மெஷின் என்று வேறு ஒன்று இருக்கிறது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளி உடனே உறிஞ்சி எடுப்பது. விலை அதிகம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, பலன் தெரிந்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, காய்ச்சலும் வந்தால் மேலே உள்ள எதையும் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டர்.

மெஷின் போட்டால் மூச்சு இன்னும் திணறுகிறது

பெரும்பாலும் இதுவும் நேரம்தான். அவர் மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு இறுகினால் உதரவிதானம் கீழே இறங்க இடமில்லை. தானாக ஓடும் மெஷினின் தாளத்துக்கு அவர் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்துங்கள், இரண்டு நிமிடம் சும்மா மூச்சு விடட்டும், பிறகு அவர் மூச்சை விடும்போது மட்டும் இழுக்கும்படி ஆன், ஆஃப் நேரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். வயிறு உப்பியிருக்கிறதா, இரண்டு மூன்று நாளாக மலம் போகவில்லையா என்றும் பாருங்கள்.

நிறுத்தியும் திணறல் போகவில்லை என்றால் ஆக்சிமீட்டரை மாட்டுங்கள். நகப்பூச்சு, கருத்த மருதாணி, சில்லிட்ட விரல் மூன்றும் பொய் நம்பர் காட்டும். 95க்குக் கீழே இருந்தால் முதலில் சளியை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். எடுத்த பிறகும் ஏறவில்லை, அல்லது 92க்குக் கீழே போய்விட்டது என்றால் ஆஸ்பத்திரி.

சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, திடீரென்று மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது என்றால் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அந்தக் காலைத் தேய்க்காதீர்கள். 108.

உட்கார்ந்தால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் சரியாகிறது

இதய நோய்க்காரர்களுக்கு நேர் தலைகீழ் என்பதால் குடும்பத்தார் குழம்பிப்போவார்கள். கழுத்தில் அடிபட்டவருக்கு இது எதிர்பார்த்ததுதான். உட்காரும்போது தளர்ந்த வயிறு முன்னால் சரிய, உதரவிதானமும் இறங்கித் தட்டையாகிவிடும். வயிற்று பெல்ட் கட்டினால் அன்றே வித்தியாசம் தெரியும். விலாவின் மேல் ஏறாமல் கட்டுங்கள், மடிப்பு விழாமல் பாருங்கள், படுத்ததும் அவிழ்த்துவிடுங்கள். மெஷின் போடுகிற நேரம் பெல்ட் வேண்டாமா என்று கேட்பார்கள்: பேட் மேல் இறுக்காமல் லேசாகக் கட்டலாம், பேட் நகராமல் இருக்கும்.

பேட் இருந்த இடம் சிவந்திருக்கிறது

மெல்லிய ரோஸ் நிறம், ஒரு மணி நேரத்தில் மறைகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

பேட் வடிவத்திலேயே சிவந்து அரிக்கிறது, பக்கத்திலும் பரவுகிறது என்றால் ஜெல் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வகைப் பேட் மாற்றிப் பாருங்கள்.

ஓரத்திலோ ஒரு புள்ளியிலோ மட்டும் கரும்சிவப்பு, கொப்புளம் என்றால் சூட்டுப்புண். பேடின் மூலை எழும்பியிருக்கும். மொத்தக் கரன்ட்டும் மிச்சமிருக்கும் சின்ன இடத்தில் குவிந்திருக்கும். நிறுத்துங்கள், ஆறும்வரை அந்த இடத்தில் பேட் இல்லை. மஞ்சளோ பற்பசையோ பூசாதீர்கள். மறுநாளும் சிவப்பு போகவில்லை, அல்லது தோல் உரிந்துவிட்டது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குச் சின்னக் கொப்புளம் பெரிய புண்ணாக அதிக நாள் ஆகாது. பேடை வெட்டிச் சிறிதாக்கிச் சிக்கனம் பண்ணுவது, ஒருவர் பேடை இன்னொருவருக்கு ஒட்டுவது இரண்டும் வேண்டாம்.

முதல் ஐந்து நிமிடம் இழுக்கிறது, பிறகு தளர்ந்துவிடுகிறது

தசை களைத்துப்போகிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த தசை, அதுவும் கரன்ட்டில் வேலை செய்யும்போது வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைக்கும். நம்பரை ஏற்றி விரட்டாதீர்கள். நிறுத்தி, சாயங்காலம் மறுபடி. கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூட்டி, நாளைக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று கொண்டுபோவதற்குச் சில வாரங்கள் ஆகும். வாரங்கள் கழித்தும் அந்த ஐந்து நிமிடமே என்றால் பிசியோ வந்து பார்க்க வேண்டும்.

கால் துள்ளுகிறது, யூரின் ஒழுகுகிறது

கால் துள்ளுவது கரன்ட் சட்டென்று ஏறுவதால் வரும் இழுப்பு. பயிற்சிக்கு ராம்பைக் கூட்டுங்கள். இருமலுக்கு முடியாது, அங்கே நம்பரைக் குறைத்துப் பாருங்கள். துள்ளல் திடீரென்று வழக்கத்தைவிட அதிகமாகிவிட்டால் மெஷினை விட்டுவிட்டு யூரின் இன்ஃபெக்ஷன், படுக்கைப்புண் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒழுகுவது வயிறு இறுகி மூத்திரப்பையை அழுத்துவதால். போடும் முன் மூத்திரப்பையைக் காலி செய்தால் தீர்ந்தது. மலமும் அசையும், சில வீடுகளில் அதற்காகவே காலையில் போடுகிறார்கள்.

காலையில் தலைவலி, பகலெல்லாம் தூங்கி வழிகிறார்

இதை மெஷின் கணக்கில் எழுதாதீர்கள். ராத்திரி மூச்சு ஆழமில்லாமல் உடம்பில் கரிவாயு (கார்பன் டை ஆக்சைடு) தேங்கியிருக்கலாம். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருந்தால் போட்டுவிடத் தோன்றும். ஆக்சிமீட்டர் 98 காட்டும், எல்லோரும் நிம்மதியாவார்கள், கரிவாயு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். டாக்டர் சொல்லாமல் ஆக்சிஜன் வேண்டாம். ரத்த வாயு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். தேவை பெரும்பாலும் ராத்திரிக்கு முகமூடி வைத்து மூச்சுக்கு உதவும் பைபேப் மெஷின். எழுப்பினாலும் தெளியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

வயிற்றில் போதவில்லை, நெஞ்சில் ஒட்டலாமா?

கூடாது. நெஞ்சில் ஒட்டினால் இதயத்தின் வழியே கரன்ட் போகும். கழுத்தின் முன்பக்கமும் கூடாது. யூடியூபில் பார்த்து "உதரவிதானத்துக்கே கரன்ட் கொடுக்கிறாங்களாமே" என்று கேட்கிறவர்கள் உண்டு. அது ஆபரேஷன் பண்ணி உள்ளே கம்பி பொருத்துவது. கிறிஸ்டோபர் ரீவ் என்ற ஹாலிவுட் நடிகருக்கு 2003இல் செய்தார்கள். 2008இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. கழுத்தின் உச்சியில் அடிபட்டு வென்டிலேட்டரிலேயே இருப்பவர்களுக்கானது அது; உதரவிதான நரம்பு உயிரோடு இருக்கவும் வேண்டும். வெளியே ஒட்டும் பேடால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

கரன்ட் போய்விட்டது

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது; பல கிராமங்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது தெருவே தண்ணீர். அதனால் ஐப்பசி பிறந்ததுமே பாருங்கள்: பேட்டரி மெஷினுக்கு உபரி பேட்டரி, திறக்காத பேட் ஒரு பாக்கெட், ஆம்பு பேக், கையால் அல்லது காலால் இயங்கும் சக்ஷன். வயிற்று மெஷின் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது, கையால் தள்ளி இருமவைக்கலாம். சக்ஷனும் பைபேப்பும் நின்றால்தான் ஆபத்து. இன்வெர்ட்டர் வாங்குவதானால் அவை இரண்டின் வாட் கணக்கைச் சொல்லி வாங்குங்கள். எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துச் சோதித்துவிடுங்கள். தாழ்வான தெருவில் வீடு இருந்து, அவர் ராத்திரி பைபேப்பில் தூங்குகிறவர் என்றால், புயல் எச்சரிக்கை வந்த அன்றே, தண்ணீர் ஏறும் முன், ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்கோ, கடலூர் அரசு ஆஸ்பத்திரி இருக்கும் மஞ்சக்குப்பத்துக்கோ கிட்டே இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.